பொருள்: மல்டி எஃபெக்ட்ஸ் பெடலுக்கு வாரண்டி மறுத்தது குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

ஆனி மாதக் கடைசியில், கிட்டார் ஒலியைப் பலவிதமாக மாற்றித் தரும் உங்கள் நிறுவனத்தின் மல்டி எஃபெக்ட்ஸ் பெடல் ஒன்றை 11,800 ரூபாய்க்கு வாங்கினேன். ஓராண்டு வாரண்டி. ஒரு மாதம்கூட ஆகவில்லை, கேபிள் செருகும் அவுட்புட் ஜாக் ஆடத் தொடங்கிவிட்டது. சர்வீஸுக்கு அனுப்பினேன். "ஆம்ப்பில் தவறாக இணைத்ததால் ஏற்பட்ட சேதம், வாரண்டி பொருந்தாது" என்று ஒரு வரி எழுதி, பழுது பார்க்காமலேயே திருப்பி அனுப்பிவிட்டீர்கள். அந்த ஒரு வரிக்குத்தான் இந்தக் கடிதம்.

நான் திருச்சியில் ஒரு மெல்லிசைக் குழுவில் பதினான்கு வருடமாக கிட்டார் வாசிக்கிறேன். ஆடி மாதம் அம்மன் கோயில் கச்சேரிகள் வரிசையாக வரும். அதற்காகவே வாங்கிய பெடல் இது.

பெட்டியில் வந்த கையேட்டில் ஒரே ஒரு படம்: கிட்டாரிலிருந்து பெடலுக்கு, பெடலிலிருந்து, ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பின் முன்பக்க இன்புட்டுக்கு. அப்படியே செருகினேன். ஒலியை முரடாக்கும் டிஸ்டார்ஷனை மிதித்ததும் தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம். ஹெட்ஃபோனில் கேட்டால் அதே டோன் அருமையாக இருக்கிறது. உங்கள் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். "சார், உங்க ஆம்ப்லதான் ப்ராப்ளம். சர்வீஸ் பண்ணிப் பாருங்க" என்றார்கள்.

ஆம்ப்பை ஸ்கூட்டரின் முன்னால் வைத்து மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் திறந்து பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று சொல்லி, பார்த்த கூலி 400 ரூபாய் வாங்கிக்கொண்டார். ஆனால் ஆம்ப்பின் பின்பக்கம் சென்ட், ரிட்டர்ன் என்று எழுதியிருந்த இரண்டு துளைகளைக் காட்டி, "இதுல போட்டுப் பாத்தீங்களா தம்பி?" என்று கேட்டதும் அவர்தான். உங்கள் உதவி எண்ணில் கிடைக்காத பதில் அது.

விஷயம் இதுதான். உங்கள் பெடலுக்குள்ளேயே ஆம்ப்பைப் போல ஒலிக்க வைக்கும் ஆம்ப் மாடலும், ஸ்பீக்கர் பெட்டியைப் போல ஒலிக்க வைக்கும் கேபினட் சிமுலேஷனும் இருக்கின்றன. நேராக மிக்சருக்குப் போகிறவர்களுக்கு அவை வேண்டும். ஆம்ப்பின் முன்பக்கத்தில் செருகினால் பெடலின் ஆம்ப் மாடலுக்கு மேல் ஒலியின் தன்மையை அமைக்கும் ஆம்ப்பின் சொந்த ப்ரீஆம்ப், சிமுலேஷனுக்கு மேல் நிஜ ஸ்பீக்கர். தாளித்த குழம்பை மறுபடி தாளித்த கதை. ரிட்டர்னில் செருகினால் ப்ரீஆம்ப்பைத் தொடாமல் சிக்னல் நேரே, ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப்புக்குப் போய்விடுகிறது. என் ஆம்ப்பில் ரிட்டர்னுக்கு வால்யூம் திருகு வேலை செய்யாது. அதனால் கேபினட் சிமுலேஷனை அணைத்து, பெடலின் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, மெல்ல மெல்ல ஏற்றினேன். எங்கள் கீபோர்டு அண்ணன் திரும்பிப் பார்த்தார். அவர் லேசில் திரும்பிப் பார்க்கிற ஆள் இல்லை.

இந்த இணைப்பைத்தான் நீங்கள் "தவறு" என்கிறீர்கள். ரிட்டர்ன் என்பது சிக்னல் உள்ளே போகும் வழி. அதிலிருந்து பெடலுக்கு எதுவும் திரும்பி வராது. ஆம்ப்பின் ஸ்பீக்கர் அவுட்டைக் கொண்டுவந்து பெடலில் செருகினால் பெடல் கருகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என்னுடையது காம்போ. ஸ்பீக்கர் உள்ளேயே இணைந்திருக்கிறது, வெளியே அப்படி ஒரு துளையே கிடையாது. அதைவிட, உங்கள் பெடலின் அவுட்புட் மெனுவிலேயே "ரிட்டர்ன்" என்று ஒரு தேர்வு இருக்கிறது. மெனு எழுதியவருக்குத் தெரிந்தது உங்கள் சர்வீஸ் பிரிவுக்குத் தெரியவில்லை.

சரி, ஜாக்குக்கு வருகிறேன். பெடலில் நான்கு ஜாக்குகள். மூன்றில் வெளியே நட் போட்டு உடலோடு இறுக்கியிருக்கிறது. இடது அவுட்புட்டில் மட்டும் நட் இல்லை. மோனோவில், அதாவது ஒரே அவுட்புட்டில், வாசிக்கிறவன் தினமும் செருகுவது அந்த ஒன்றைத்தான். கேபிளின் எடை முழுவதையும் உள்ளே இருக்கும் சாலிடர் தாங்க வேண்டியிருக்கிறது. அது எத்தனை நாள் தாங்கும்? இப்போது செருகிய கேபிளின் பின்னை விரலால் லேசாக அசைத்தால் கரகரவென்கிறது, கீழே சாய்ந்தால் ஒலியே நின்றுவிடுகிறது. கடைசி இரண்டு கச்சேரிகளிலும் தீப்பெட்டி அட்டையை மடித்து ஜாக்குக்கு முட்டுக்கொடுத்துத்தான் வாசித்தேன். பெட்டியைப் பிரித்த அன்றே எடுத்த படத்திலும் அந்த நட் இல்லை. படத்தை இணைத்திருக்கிறேன். வாரண்டி ஸ்டிக்கரும் கிழியாமல் இருக்கிறது.

எனவே ஜாக்கை இலவசமாக மாற்றித் தர வேண்டும், அல்லது வேறு பெடல் தர வேண்டும். உங்கள் பேச்சைக் கேட்டு மெக்கானிக்குக் கொடுத்த 400 ரூபாயும், கூரியருக்குக் கொடுத்த 360 ரூபாயும் எனக்குத் திரும்ப வர வேண்டும். அப்புறம், கையேட்டில் ரிட்டர்ன் இணைப்புக்கு இன்னொரு படம் போடுங்கள். அரைப் பக்கம் போதும்.

கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் செய்வேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. எனக்கு அதில் ஆசையில்லை. புரட்டாசியில் நவராத்திரிக் கச்சேரிகள் தொடங்குகின்றன, அதற்குள் பெடல் கைக்கு வந்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
திருச்சி

இணைப்பு: பில் நகல், பெட்டியைப் பிரித்த அன்று எடுத்த படம், மெக்கானிக் கொடுத்த ரசீது, கூரியர் ரசீதுகள், நீங்கள் எழுதிய அந்த ஒரு வரி.