முதலில் கடதாசி, பிறகு கதை

கொழும்பில் இருந்து தமிழ்த் தொலைக்காட்சி நாடகங்களும் இணையத் தொடர்களும் தயாரிக்கும் ஐயாமார், அம்மாமார் அனைவருக்கும்,

வணக்கம்.

போன வாரம் உங்களில் ஒருவரின் அலுவலகத்தில் இருந்து வாட்ஸ்அப்பில் எனக்கு ஒரு குரல் செய்தி வந்தது. "தங்கச்சி, முதல் பாகத்துக்கு நல்ல வரவேற்பு. ரெண்டாம் பாகத்துக்கு ஒரு ஒன்லைன் அனுப்புங்க, சேர் பாக்கணுமாம்." முதல் பாகத்தின் திரைக்கதைக்கும் வசனத்துக்கும் பேசிய தொகையில் பாதிகூட இன்னும் என் கைக்கு வரவில்லை. அதைப் பற்றிச் செய்தியில் ஒரு வார்த்தை இல்லை. நானே கேட்டேன். "அதெல்லாம் வரும் தங்கச்சி, நீங்க நம்ம ஆள்தானே" என்று பதில் வந்தது.

அந்த அலுவலகத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் மற்றவர்கள் எல்லோரும் "நல்லவேளை, நாங்கள் இல்லை" என்று நிம்மதியாகப் போய்விடுவீர்கள். மலையகத்தில் இருந்து உங்களுக்கு எழுதிக் கொடுக்கும் யாரைக் கேட்டாலும் இதே கதையைத்தான் சொல்வார்கள். அதனால் எல்லோரிடமும் ஒன்றையே கேட்கிறேன். எங்களிடம் ஒரு பக்கம் வாங்குவதற்கு முன்னால் எழுத்தில் ஓர் ஒப்பந்தம் தாருங்கள். முதலில் கடதாசி, பிறகு கதை.

வேலை எப்படி நடக்கிறது என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒன்லைன், அதாவது கதையின் சுருக்கத்தை நாலு வரியில் கேட்பீர்கள். பிடித்திருக்கிறது என்றால் சீன் ஓர்டர், அதாவது காட்சிகளின் வரிசை கேட்பீர்கள். அப்புறம் முழு ஸ்கிரிப்ட். அதன் பிறகு இயக்குநருக்கு ஒரு திருத்தம், அலைவரிசைக்கு ஒரு திருத்தம், விளம்பரம் தருபவருக்கு ஒரு திருத்தம். இத்தனைக்கும் நடுவில் காசுப் பேச்சை எடுத்தால், "ஒளிபரப்பானதும் தந்துடுவோம்." ஒளிபரப்பு எப்போது என்பது எழுதியவளின் கையில் இல்லை. விளம்பரம் கிடைக்காவிட்டால் தள்ளிப்போகும், நிகழ்ச்சி அட்டவணை மாறினால் தள்ளிப்போகும், சில நேரம் நடக்காமலே போகும். நீங்கள் நடத்தும் வியாபாரத்தின் நட்டத்தில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது என்று அர்த்தம். இலாபம் வந்தபோது யாரும் எங்களை அப்படிப் பங்குக்கு அழைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

ஒரு மாலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஹட்டனுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஷூட்டிங். "பேச்சு வழக்கு சரியா வரணும், கொஞ்சம் வந்து நில்லுங்க" என்று கூப்பிட்டார்கள். போனேன். கங்காணியிடம் எந்தக் குரலில் பேசுவார்கள், தோட்டத்தை நடத்தும் துரையிடம் எந்தக் குரலில் பேசுவார்கள், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் யார் எங்கே நிற்பார்கள் என்று நடிகர்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் எப்படி மாட்டுவது என்று அந்தத் தோட்டத்து அம்மா ஒருவர் கதாநாயகிக்குக் காட்டினார். மழை வந்தது, விட்டது, மறுபடி வந்தது. இருட்டும் நேரத்தில் பேக்கப். புரொடக்ஷன் மனேஜர் வேன் கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்து, மடியில் ஒரு கொப்பியை விரித்துக் கணக்கு முடித்தார். ஜெனரேட்டர்காரருக்குக் கையில் காசு. சோற்றுப் பார்சல் கொண்டுவந்த கடைக்காரருக்குக் கையில் காசு. வேன் சாரதிக்கும் லைட் பையன்களுக்கும் அன்றைய படி. பங்களா வாடகை முன்பே போய்விட்டதாம், இல்லாவிட்டால் கேட்டையே திறந்திருக்க மாட்டார்கள்.

இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வேலை செய்தவர்களுக்கு அன்றைக்கே காசு கொடுப்பதுதான் முறை. ஆனால் அவர்களில் ஒருவரிடம்கூட "ஒளிபரப்பானதும்" என்று அந்த மனேஜர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஜெனரேட்டர் அப்போதே மலை இறங்கியிருக்கும். என்னைப் பார்த்ததும் கொப்பியை மூடினார். "அக்காவுக்குக் கொழும்புல இருந்து போடுவாங்க." கடைசி பஸ்ஸும் போய்விட்டிருந்தது. த்ரீவீலருக்கு நான்தான் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டது, "இன்னைக்காச்சும் குடுத்தாங்களா?" வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்தவர் அவர். கிலோ குறைந்த நாளில் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்டார்கள் என்று கணக்குப்பிள்ளையோடு சண்டை பிடித்திருக்கிறார். அவருடைய மகள் நாலு பேர் வேலையைச் செய்துவிட்டு வந்து, தனக்கு அந்த அரைப்பேரும் விழவில்லை என்று எப்படிச் சொல்வாள்?

இப்போது சட்டத்தைப் பற்றி. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தை உங்கள் சட்டத்தரணிகளிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். எழுதிய உடனேயே உரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது, எங்கேயும் பதிவு செய்யத் தேவையில்லை. அந்த உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதென்றால் அது எழுத்தில் இருக்க வேண்டும், இரண்டு தரப்பும் கையெழுத்திட வேண்டும். எழுதியவரின் பெயரைக் காட்ட வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. அதாவது கடதாசி இல்லாமல் வேலை வாங்கும்போது எங்களை மட்டும் நீங்கள் நடுத்தெருவில் விடவில்லை, உங்கள் தொடரையும் விடுகிறீர்கள். நாளைக்கு அதை வெளிநாட்டு ஓடிடி ஒன்றுக்கு விற்கப் போனால், திரைக்கதையின் உரிமை உங்களிடம் இருப்பதற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்பார்கள். "தங்கச்சி நம்ம ஆள்" என்ற குரல் செய்தியைப் போட்டுக் காட்டுவீர்களா?

அதே சட்டம் வெறும் கருவை, எழுத்தாக விரியாத யோசனையைப் பாதுகாப்பதில்லை. ஒன்லைன் அனுப்பச் சொன்னால் எங்களுக்கு வயிற்றைக் கலக்குவது அதனால்தான். நாலு வரியைப் பார்த்துவிட்டு "சரி வராது" என்று சொல்லிவிட்டு, அதே நாலு வரியை வேறொருவரிடம் கொடுத்து விரிக்கச் சொல்வது மிகச் சுலபம். 2018இல் சென்னையில் ஒரு பெரிய நடிகரின் தீபாவளிப் படத்துக்கு அப்படியொரு கதைப் பிரச்சினை எழுந்தபோது, தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கம் என்று முறையிட ஓர் இடமாவது இருந்தது. அங்கே பதிவு செய்த கதை கையில் இருந்தது. படம் வெளியாகும் முன்பே விடயம் சமரசத்தில் முடிந்தது. நாங்கள் எங்கே போவது? இணக்க சபைக்குப் போகலாம். வேலித் தகராறுக்கும் கைமாற்றுக் கடனுக்கும் நடுவில் உட்கார்ந்து, சீன் ஓர்டர் என்றால் என்னவென்று சபையோருக்கு விளக்கிச் சொல்லலாம்.

அமெரிக்காவில் 2023இல் திரை எழுத்தாளர்கள் 148 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாங்கள் செய்தால் உங்களுக்குத் தெரியக்கூட வராது. இந்தியத் தொடர் ஒன்றை வாங்கிப் போட்டுவிடுவீர்கள். அதற்கு மட்டும் ஒப்பந்தம் உண்டு, அட்வான்ஸ் உண்டு, சொன்ன திகதியில் பணமும் போகும்.

எங்கள் ஊருக்கு ஒப்பந்தம் புதிய விடயமும் இல்லை. தோட்டச் சம்பளத்துக்குத் தொழிற்சங்கங்களும் கம்பெனிகளும் போடும் கூட்டு ஒப்பந்தம் என்ற சொல்லை ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்கு வருடக்கணக்கில் கொடி பிடித்து, கடைசியில் சம்பள நிர்ணய சபை வழியாக 2021இல்தான் அது வர்த்தமானியில் வந்தது. அந்தப் போராட்டத்தைக் காட்சியாக எழுதித் தரச் சொல்லி எங்களிடமே கேட்கிறீர்கள். எழுதித் தருகிறோம். அதற்கான சம்பளத்துக்கு நாங்கள் இன்னொரு கொடி பிடிக்க வேண்டியிருக்கிறது. எங்கள் முன்னோர் இங்கே வந்து இருநூறு வருடமானதை நினைத்து, மலையகம் 200 என்று 2023இல் தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தபோது நீங்களும் கெமராவோடு வந்தீர்கள். அந்தக் கரிசனை மெய்யாகவே இருக்கட்டும். ஆனால் மலையகக் கதை என்றால் மழை, அட்டைக்கடி, குடிகாரத் தகப்பன், அழுகிற தாய் என்று முதலிலேயே பட்டியல் தந்துவிடுகிறீர்களே, அது ஏன்? நல்ல வேளையாக மழையும் கண்ணீரும் உங்களுக்கு இங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. எழுத்தையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டீர்கள் போல.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்கவும்.

உங்கள் கஷ்டமும் தெரியாமல் இல்லை. தமிழ்த் தொடருக்கு விளம்பரம் பிடிப்பது எவ்வளவு பாடு, 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எல்லாச் செலவும் எப்படி ஏறிவிட்டது என்பதெல்லாம் எங்களுக்கும் புரிகிறது. தொகை குறைவாக இருந்தால் குறைவு என்று சொல்லுங்கள், பேசுவோம். குறைந்த தொகைக்கு எழுத நாங்கள் சம்மதிக்கலாம். எப்போது வரும் என்றே தெரியாத தொகைக்கு எழுதச் சொல்லாதீர்கள்.

ஒப்பந்தம் என்றதும் சிலர் ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக ஒன்றை நீட்டுகிறார்கள். என் தோழி ஒருத்திக்கு வந்ததில், பிரபஞ்சம் முழுவதிலும் எக்காலத்துக்கும் உரிமை தயாரிப்பாளருக்கே என்று எழுதியிருந்தது. தலவாக்கலையிலேயே ஒழுங்காகத் தெரியாத அலைவரிசைக்குச் செவ்வாய்க் கிரகத்து உரிமை எதற்கு என்று இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் அதே கடதாசியில் பணம் தரும் திகதி மட்டும் இல்லை.

அப்படி எதுவும் வேண்டாம். தமிழில் ஒரு பக்கம் போதும். மொத்தத் தொகை எவ்வளவு, கையெழுத்திடும்போது அதில் எவ்வளவு, முதல் முழு ஸ்கிரிப்டுக்கு எவ்வளவு, கடைசித் திருத்தத்துக்கு எவ்வளவு என்று அதில் இருக்கட்டும். ஒளிபரப்பு என்ற சொல் பணம் தரும் வரியில் வரக் கூடாது. எத்தனை திருத்தம் அந்தத் தொகைக்குள் அடங்கும், அதற்கு மேல் போனால் எவ்வளவு என்பதைச் சொல்லுங்கள். பாதியில் கைவிட்டால் அதுவரை செய்த வேலைக்குரியதைத் தந்துவிட்டுக் கதையை எங்களிடமே திருப்பித் தாருங்கள். டைட்டிலில் பெயர் திரைக்கதை, வசனம் என்று வர வேண்டும். 'கதை ஆலோசனை', 'நன்றி' என்றெல்லாம் ஒதுக்க வேண்டாம். பிறகு அதைச் சிங்களத்தில் டப் செய்தாலோ வேறு நாட்டுக்கு விற்றாலோ எங்களுக்கு என்ன என்பதற்கும் ஒரு வரி. படப்பிடிப்பில் வந்து நிற்கச் சொன்னால் அது தனி வேலை, அதற்குத் தனிப் படி.

இதற்காக ஹட்டனில் இருந்து கொழும்புக்கு எங்களை அலைய வைக்கவும் வேண்டாம். கையெழுத்திட்ட இரண்டு பிரதிகளைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ஒன்றில் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்புகிறோம். ஏற்கெனவே எங்களுக்குத் தர வேண்டிய பாக்கிகளுக்கு ஒரு திகதி சொல்லுங்கள். வங்கிக் கணக்கு இலக்கம் உங்கள் எல்லோரிடமும் இருக்கிறது. அது மாறவில்லை.

தயவுசெய்து இந்த மாதத்துக்குள் பதில் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஹட்டன் பக்கத்தில் இருந்து உங்களுக்குத் திரைக்கதை எழுதும் ஒருத்தி