ஆடம் குட்ஸின் ஆட்டத்தையும் காட்டுங்கள்

ஏ.எஃப்.எல். (ஆஸ்திரேலியக் கால்பந்து லீக்) ஆணையத்தினருக்கு வணக்கம்.

பூர்வகுடி வீரர் ஆடம் குட்ஸ் 2015இல் ஓய்வு பெற்றார். அதன்பிறகு அவர் பெயரை எடுத்தாலே, பேச்சு அவரைப் பார்த்து ரசிகர்கள் போட்ட இனவெறிக் கூச்சலில் தொடங்கி உங்கள் மன்னிப்பில் போய் முடிகிறது. 2019இல் நீங்களும் 18 கிளப்புகளும் சேர்ந்து மன்னிப்புக் கேட்டீர்கள். சரி, ரொம்பத் தாமதம் என்றாலும் செய்ய வேண்டியதுதான். ஆனால் அவர் ஆடிய ஆட்டம் எங்கே போயிற்று?

நடுவர் பந்தை மேலே எழுப்பியதும் எகிறித் தட்டுகிற ரக் வேலையைப் பெரும்பாலும் இரண்டு மீட்டர் உயர ஆட்கள்தான் செய்வார்கள். அவ்வளவு உயரமில்லாத குட்ஸ் அவர்களோடு மல்லுக்கட்டினார். அப்படி ரக்கில் நின்ற 2003இல் பக்லி, ரிச்சியுட்டோ என்ற வீரர்களுடன் பிரவுன்லோ பதக்கத்தை, அதாவது பருவத்தின் சிறந்த, நேர்மையான வீரருக்கான விருதை, பகிர்ந்தார். 2006இல் மறுபடியும் வாங்கினார், இந்த முறை தனியாக, நடுக்களத்தில் ஓடி ஓடி. ரக் ஆடும் உடம்பும் நடுக்களத்தில் ஓடும் மூச்சும் ஒரே ஆளிடம் இருப்பது அபூர்வம். முன்களத்தில் நின்று அடித்த கோல்கள் தனிக்கணக்கு. தேவைப்பட்டால் பின்களத்துக்கும் போவார். சிட்னி ஸ்வான்ஸுக்காக 372 ஆட்டங்கள். பிரவுன்லோ வாக்கைப் போடுவது களத்துக்குள்ளேயே நின்று பார்க்கும் நடுவர்கள் என்பதையும் கூச்சல் போட்டவர்களுக்கு ஒருமுறை சொல்லியிருக்கலாம்.

2012 இறுதிப்போட்டி உங்களுக்கே தெரியும். ஹாத்தார்னுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் நான்கு கால்பகுதிகளில் இரண்டாவதிலேயே அவர் முழங்காலில் அடிபட்டது. வேறொருவராக இருந்தால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். இவர் நொண்டிக்கொண்டே ஆடி, கடைசிக் கால்பகுதியில் கோலும் போட்டார். ஸ்வான்ஸ் 10 புள்ளியில் ஜெயித்தது.

2013இல் மெல்போர்ன் மைதானத்தில் ஒரு சிறுமி அவரைக் குரங்கு என்று திட்டினாள். அவளைக் குறை சொல்லாதீர்கள் என்று மறுநாளே சொன்னவர் அவர். கூச்சல் ஓயவில்லை. ஓய்வு பெறும் வீரர்களுக்கு இறுதிப்போட்டி நாளில் நடக்கும் ஊர்வலத்துக்குக்கூட அவர் வரவில்லை. 2021இல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவத்தையும் வேண்டாம் என்றார். அது அவர் முடிவு, அவரை இனி நச்சரிக்க வேண்டாம்.

நான் கேட்பது வேறு. பூர்வகுடி வீரர்களைக் கொண்டாடும் சுற்று ஆண்டுதோறும் வருகிறது. அப்போது பெரிய திரையில் அந்த இரண்டு பிரவுன்லோ ஆண்டுகளின் ஆட்டங்களைப் போடுங்கள். 2012இன் கடைசிக் கால்பகுதியை முழுசாகப் போடுங்கள். மேடையில் வந்து நிற்கச் சொல்லி அவரை அழைக்க வேண்டாம், உரையும் வேண்டாம். பதிவுகள் உங்களிடம்தானே இருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு ஸ்வான்ஸ் ரசிகர்