வாயனசாலைக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் தம்பி தங்கைகளுக்கு

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் சுற்றுவட்டாரத்து வாயனசாலைகளில், அதாவது ஊர்ப் படிப்பகங்களில், உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கணினிகளை ஓட்டிவரும் தம்பி தங்கைகளுக்கு வணக்கம். சம்பளமில்லாமல் நீங்கள் செய்கிற வேலை எவ்வளவு பெரியது என்பது எனக்குத் தெரியும். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

பிளஸ் ஒன் சேர்க்கைக்கான ஏகஜாலக (ஒற்றைச் சாளர) விண்ணப்பம் தொடங்கிய வாரம் அது. நான் பார்த்துக்கொள்ளும் வாயனசாலையில் நான்கு கணினிகளில் இரண்டு கறுப்புத் திரையோடு நின்றுவிட்டன. தோட்ட வேலைக்கு லீவு போட்டு மகளைக் கூட்டிவந்த ஒரு அப்பா, காத்திருந்து பார்த்துவிட்டு சித்தூருக்கு பஸ் ஏறினார். அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

காரணம் சின்னது. புதிய கேடிஇ பிளாஸ்மா டெஸ்க்டாப் (திரையின் தோற்றமும் மெனுவும்) வேண்டும் என்று யாரோ ஆசையாக ஒரு பிபிஏ-வை, அதாவது வெளியாள் நடத்தும் மென்பொருள் களஞ்சியத்தை, சேர்த்திருந்தார்கள். பல மாதம் நன்றாகத்தான் ஓடியது. 20.04 பதிப்பிலிருந்து 22.04 பதிப்புக்கு மேம்படுத்தும்போது உபுண்டு இப்படிப்பட்ட வெளிக் களஞ்சியங்களை முடக்கிவிடும். ஆனால் அவற்றிலிருந்து வந்த பொதிகள் (நிறுவிய மென்பொருள் தொகுப்புகள்) அப்படியே தங்கிவிடும். பழையதும் புதியதும் கலந்து, ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. பிபிஏ-பர்ஜ் என்ற கருவியைக் கொண்டு எல்லாவற்றையும் சரிசெய்ய எனக்கு இரண்டு ராத்திரி ஆனது.

பொதிகளை நிறுவும் கருவியான ஆப்ட் எப்படி முடிவெடுக்கிறது என்று கொஞ்சம் பாருங்கள். உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்துக்கும் நீங்கள் சேர்க்கும் வெளிக் களஞ்சியத்துக்கும் வழக்கமாக ஒரே முன்னுரிமைதான், 500. இரண்டிலும் ஒரே பொதி இருந்தால் பதிப்பு எண் பெரியதாக உள்ளதே வெல்லும். ஒரே ஒரு செயலிக்காகச் சேர்த்த களஞ்சியம், கேட்காமலே கணினியின் அடிப்படை நூலகங்களையும் (பல செயலிகள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் கோப்புகளையும்) மாற்றிவிட முடியும். அதைவிட முக்கியம், பொதி நிறுவப்படும்போது அதற்குள் இருக்கும் நிரல்துண்டுகள் ரூட் அதிகாரத்தோடு, அதாவது கணினியில் எதையும் மாற்றும் முழு அதிகாரத்தோடு, ஓடுகின்றன. பிபிஏ-க்களை வைத்திருக்கும் லாஞ்ச்பேட் தளத்தில் கணக்கு வைத்திருக்கும் எவரும் பிபிஏ தொடங்கலாம். முகம் தெரியாத ஒருவரிடம் வாயனசாலைச் சாவியைக் கொடுப்போமா?

டெஸ்க்டாப்புக்காக வெளியே போக வேண்டிய தேவையே இல்லை. எக்ஸ்எஃப்சிஇ, மாட்டே, எல்எக்ஸ்கியூடி, பிளாஸ்மா எல்லாமே உபுண்டுவின் களஞ்சியத்திலேயே இருக்கின்றன. பழைய கணினிக்கு என் தேர்வு எக்ஸ்எஃப்சிஇ. சுபுண்டு-டெஸ்க்டாப் என்று போட்டால் மூட்டை முடிச்சோடு எல்லாம் வரும். எக்ஸ்எஃப்சிஇ4 மட்டும் போதும். பொதுக் கணினியில் ஒரு டெஸ்க்டாப்பே இருக்கட்டும். இரண்டு இருந்தால் மெனுவில் எல்லாம் இரட்டையாகத் தெரியும், வயதானவர்கள் குழம்பிப்போவார்கள். நமக்கு வேண்டிய தமிழ் எழுத்துருக்கள், தமிழில் தட்டச்சு செய்ய ஐபஸ்-எம்17என், மலையாள எழுத்துருக்களுக்கு ஃபாண்ட்ஸ்-எஸ்எம்சி, இவையும் உள்ளேயே கிடைக்கின்றன.

ஏதோ ஒரு செயலியின் புதிய பதிப்பு கட்டாயம் வேண்டுமா? சரி, செயலியைத் தனக்கு வேண்டிய கோப்புகளோடு தனியாக நிறுவும் ஃபிளாட்பேக்கில் தேடுங்கள். வட்டில் இடம் கூடுதலாகப் பிடிக்கும், ஆனால் கணினியின் நூலகங்களைத் தொடாது. அங்கும் யார் வெளியிட்டது என்று பார்த்துவிட்டே நிறுவுங்கள்.

வெளிக் களஞ்சியம் தவிர்க்கவே முடியாது என்றால், எது, எதற்காக, என்று சேர்த்தீர்கள் என்று கணினிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். உங்களுக்கு வேலை கிடைத்துக் கோயமுத்தூர் போய்விட்டால், அடுத்து வரும் பிள்ளைக்கு அந்த நோட்டுதான் துணை. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு கணினியிலும் டெர்மினலைத் திறந்து ஆப்ட் பாலிசி (apt policy) என்று ஒருமுறை அடித்துப் பாருங்கள். எந்தெந்தக் களஞ்சியம் உள்ளே இருக்கிறது என்று வரிசையாகக் காட்டும்.

22.04-க்கான வழக்கமான ஆதரவு 2027 ஏப்ரலோடு முடிகிறது. மேம்படுத்தும் வேலையை ஏகஜாலகம் திறக்கும் நேரத்தில் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஏப்ரலுக்கு முன் வரும் ஓணம் விடுமுறையில் செய்யலாம். பிபிஏ-க்களை எடுத்துவிட்டு, கோப்புகளை நகல் எடுத்துவிட்டுக் கூப்பிடுங்கள், நானும் வருகிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்