தன்னார்வலரையும் பேச விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மருத்துவ ஆய்வுகளில் சேரும் தன்னார்வலர்களைப் பற்றிப் போன வாரம் நீங்கள் போட்ட கட்டுரையைப் படித்தேன். படிவம், குழு, அனுமதி எல்லாம் இருந்தது, ஆனால் கையை நீட்டி ஊசி குத்திக்கொண்ட ஆள் ஒருவர்கூட அதில் பேசவில்லை.

என் தம்பி போன வருடம் அப்படி ஓர் ஆய்வுக்குப் போனான். புது மருந்துகூட இல்லை, ஏற்கெனவே விற்கும் மாத்திரையும் அதே மருந்தில் இன்னொரு கம்பெனி செய்த மலிவு மாத்திரையும் ரத்தத்தில் ஒரே அளவு சேர்கிறதா என்று பார்ப்பது. வெறும் வயிற்றோடு மாத்திரை போட்டு, அங்கேயே தங்கி, திரும்பத் திரும்ப ரத்தம் கொடுத்துவிட்டு வர வேண்டும், சில நாள் கழித்து இன்னொரு சுற்று. எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று படிவத்தில் இருந்தது, கையெழுத்தும் போட்டான். இரண்டாவது சுற்றுக்கு முந்தின நாள் காய்ச்சல். யாருக்கும் தெரியாமல் பனடால் விழுங்கிவிட்டுப் போயிருக்கிறான். ஏன்டா சொல்லவில்லை என்று கேட்டால், "சொன்னா அனுப்பிடுவாங்கக்கா, மோட்டார் தவணைய யாரு கட்டுவா?"

அவன் உடம்புக்கும் ஆபத்து, ஆய்வுக் கணக்கும் தப்பு. என்னிடம் சொன்னதை அங்கே சொல்லியிருப்பானா? பண்புசார் ஆய்வு என்று ஒன்று இதற்குத்தானே இருக்கிறது, தலையை எண்ணாமல், ஏன் வந்தீர்கள், என்ன புரிந்தது, எதை மறைத்தீர்கள் என்று ஆளை உட்காரவைத்து நிதானமாகப் பேசவிட்டுக் கேட்பது. 1982ல் அமெரிக்காவில் ஆய்வுகளில் சேர்ந்திருந்த மனநல நோயாளிகளிடம் அப்படிக் கேட்டபோதுதான், எந்த மருந்து யாருக்கு என்பது குலுக்கலில் விழுந்தது என்று சொல்லியிருந்தும், டாக்டர் தனக்குப் பொருத்தமானதைப் பார்த்துக் கொடுத்தார் என்று பலர் நம்பிக்கொண்டிருந்தது தெரியவந்தது.

நம் கோலாலம்பூரிலேயே 1905ல் மனநல விடுதியில் இருந்தவர்களை ஒற்றைப்படை இரட்டைப்படையாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்குப் புழுங்கலரிசி, மறு பக்கத்துக்குத் தீட்டிய பச்சரிசி போட்டார் ஃபிளெட்சர் என்ற டாக்டர். பச்சரிசிப் பக்கம் பெரிபெரி என்ற சத்துக்குறைவு நோய் வந்து 18 பேர் செத்தார்கள். (நம் ஆட்கள் தோட்டத்தில் புழுங்கலரிசி தின்று தப்பித்தது தனிக் கதை.) விஷயம் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. சம்மதமா என்று அந்த 18 பேரை யார் கேட்டிருக்கப் போகிறார்கள்?

இன்று கேட்கிறார்கள், சரி, ஆனால் ஆய்வுக்கு முன்னால் மட்டும். ஆய்வு முடிந்து காசும் கைக்கு வந்த பிறகு, ஆள் சேர்த்தவரும் காசு கொடுத்தவரும் இல்லாத ஒருவர், தமிழிலோ மலாயிலோ சீனத்திலோ, சிலரிடமாவது பேசிப் பார்க்க வேண்டும் என்று, ஆய்வுகளுக்கு அனுமதி கொடுக்கும் நெறிமுறைக் குழுக்கள் கட்டாயமாக்கலாமே.

அப்புறம், அடுத்த முறை கட்டுரை போடும்போது என் தம்பியைக் கேளுங்கள். பெயர் போடாவிட்டால் பேசுகிறானாம்.

வாசகி,
செந்தூல், கோலாலம்பூர்