பேரீச்சம்பழத்துக்குப் போக இருந்த எஞ்சின்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் எழுதத்தான் இத்தனை நாள் ஆகிவிட்டது, காரணம் கீழே வருகிறது. முட்டி வலி குறைந்து பட்டறைக்கு மறுபடி போகிறாய் என்று படித்ததும் எனக்குப் பாதி பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. ஆனால் லேத் முன்னால் மணிக்கணக்கில் நிற்காதேடா, ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொள். இங்கே பெங்களூரில் எல்லோரும் சௌக்கியம். அல்சூரில் தினமும் சாயங்காலம் மழை பிடித்துக்கொள்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் வேலை பார்த்த விமானப் பயிற்சிப் பள்ளியில், ரிட்டயர் ஆவதற்கு இரண்டு வருஷம் முன்னால், ஒரு செஸ்னா 172 எஞ்சினை ஓவர்ஹாலுக்குக் கழற்றினோம். லைகமிங் ஓ-320. நாலு சிலிண்டரும் பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்குமே, அதுதான். 2000 மணி நேரம் ஓடி முடித்திருந்தது. கிராங்க்கேஸை, அதாவது எஞ்சினின் வெளிக்கூட்டை, கழுவி விரிசல் காட்டுகிற சாயம் போட்டுப் பார்த்தபோது மூணாவது சிலிண்டருக்குக் கீழே மயிரிழையாக ஒரு விரிசல். ஆகாயத்தில் அதற்கு மன்னிப்பே கிடையாது. சிவப்புச் சீட்டு கட்டி மூலையில் வைத்தோம், அப்படியே வருஷக்கணக்கில் கிடந்தது. போன மாதம் அந்த ஷெட்டைக் காலி செய்கிறார்கள், எல்லாவற்றையும் எடைக்குப் போடப் போகிறார்கள் என்று அங்கிருக்கும் பையன் போன் செய்தான். என் கையால் கழற்றி மாட்டிய எஞ்சின் பேரீச்சம்பழத்துக்குப் போவதா? எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே போய் எடை விலையைக் கொடுத்து டாடா ஏஸில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். 120 கிலோ இருக்கும். இப்போது முருகேஷ்பாளையத்தில் தங்கச்சி வீட்டுப் பின்பக்கம் இரண்டு மரக்கட்டை மேல் உட்கார்ந்திருக்கிறது.

தங்கச்சி மகன் மெக்கானிக்கல் மூணாம் வருஷம் படிக்கிறான். பார்த்த உடனே அவன் கேட்டது, மாமா, இதை ஒரு அம்பாசடரில் வைக்கலாமா என்று. அந்த ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

ஏனென்றால் உலகத்தில் இது நடந்திருக்கிறது சண்முகம், நூறு வருஷத்துக்கு முன்னாலேயே. முதல் உலகப் போருக்காக அமெரிக்காவில் லிபர்ட்டி என்ற வி-12 விமான எஞ்சினை மட்டும் இருபதாயிரத்துக்கு மேல் செய்து தள்ளினார்கள். போர் முடிந்ததும் அந்த மாதிரி எஞ்சின்கள் அடிமாட்டு விலைக்கு வந்தன. இங்கிலாந்தில் கவுண்ட் ஸ்போரோவ்ஸ்கி என்று ஒருவர் 1921இல் பழைய மெர்சிடிஸ் சேஸிஸில் 23 லிட்டர் மேபாக் விமான எஞ்சினை ஏற்றி புரூக்லேண்ட்ஸ் ஓட்டப் பாதையில் கொண்டுபோய் விட்டார். அப்புறம் 27 லிட்டர் லிபர்ட்டி எஞ்சின் வைத்து இன்னொன்று. 1924இல் அவர் மோன்சா பந்தயத்தில் இறந்துபோக, அந்த லிபர்ட்டி காரை பாரி தாமஸ் என்ற எஞ்சினியர் 125 பவுண்டுக்கு வாங்கினார். பாப்ஸ் என்று பெயர் வைத்து, இழைத்து இழைத்துச் சரி செய்து, 1926 ஏப்ரலில் வேல்ஸ் நாட்டு பெண்டைன் கடற்கரையில் மணிக்கு 275 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனை படைத்தார்.

மறு வருஷம் மால்கம் கேம்ப்பெல் அதை முறியடித்துவிட்டார். சாதனையைத் திரும்பப் பிடிக்க மார்ச் 3ஆம் தேதி தாமஸ் அதே மணலுக்குப் போனார், அங்கேயே இறந்துபோனார். பின் சக்கரத்துக்குப் போகும் செயின் அறுந்து தலையில் அடித்தது என்று அப்போது சொன்னார்கள். பின்னாளில் காரை ஆராய்ந்தபோது பின் சக்கரம் முதலில் உடைந்திருக்கலாம் என்ற பேச்சும் வந்தது. அந்தக் காரை அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா, அந்தக் கடற்கரையிலேயே குழி வெட்டிப் புதைத்துவிட்டார்கள். 42 வருஷம் உப்பு மண்ணுக்குள் கிடந்தது. 1969இல் ஓவன் வின் ஓவன் என்ற பொறியியல் ஆசிரியர் அனுமதி வாங்கித் தோண்டி எடுத்து, வருஷக்கணக்கில் உட்கார்ந்து அதை மறுபடி ஓட வைத்தார். புதைத்த எஞ்சினையே ஒரு மனுஷன் எழுப்பியிருக்கிறான், மூலையில் சும்மா கிடந்ததை நான் விடுவேனா சொல்.

எனக்குப் பிடித்த இன்னொன்று நேப்பியர்-ரெயில்டன் என்ற கார், 1933இல் செய்தது. 24 லிட்டர், நாலு நாலாக மூன்று வரிசையில் 12 சிலிண்டர். பிரேக் பின் சக்கரத்தில் மட்டும்! ஜான் காப் 1935இல் அதில் புரூக்லேண்ட்ஸை மணிக்கு 230 கிலோமீட்டருக்கு மேல் சுற்றினார். அந்தப் பாதை மூடும்வரை யாரும் அதைத் தாண்டவில்லை. இரண்டாம் போருக்கு அப்புறம் இதே காரை, விமானம் தரையிறங்கும்போது பின்னால் விரிக்கிற பாராசூட்டைச் சோதிக்கப் பயன்படுத்தினார்கள். விமானத்தின் எஞ்சினை வாங்கிக்கொண்டு ஓடின வண்டி விமானத்துக்கே திரும்ப உழைத்தது என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் நெகிழ்ச்சியாக இருக்கிறது.

இனி நம்ம எஞ்சின். 5.2 லிட்டர், 160 குதிரை சக்தி, அதுவும் நிமிஷத்துக்கு 2700 சுற்றிலேயே. அதற்கு மேல் சுற்றவிட்டால் புரொப்பெல்லர் நுனி ஒலி வேகத்தை நெருங்கி இரைச்சலாகத்தான் வீணாகும், அதனால்தான் இவை எல்லாமே நிதானமாகச் சுற்றிக் கனமாகத் தள்ளுகிற ஜாதி. முறுக்குவிசை ஏறக்குறைய 420 நியூட்டன் மீட்டர், அம்பாசடரின் பழைய 1489 சிசி எஞ்சினைப் போல நாலு மடங்கு. அம்பாசடர் கியர்பாக்ஸில் இதைக் கொடுத்தால் பல்லெல்லாம் கொட்டிவிடும். சின்ன லாரி கியர்பாக்ஸ் ஒன்றுக்கு ஜே.சி. ரோட்டில் சொல்லிவைத்திருக்கிறேன்.

சூடுதான் பெரிய தலைவலி. வானத்தில் இதற்கு எதிர்காற்று ஓசியில் கிடைக்கிறது. சில்க் போர்டு சிக்னலில் நின்றால் என்ன கிடைக்கும்? சிலிண்டர் தலை 260 டிகிரியைத் தாண்டக் கூடாது. அதனால் தகரத்தில் மூடி அடித்து உள்ளே பெரிய விசிறி வைத்தாக வேண்டும். பொறி விழுகிற நேரமும் (இக்னிஷன் டைமிங்) காரில் மாதிரி வேகத்துக்கு ஏற்ப மாறாது, பொறி கொடுக்கிற மேக்னெட்டோவில் ஒரே அளவில் நிற்கும். காற்று-பெட்ரோல் கலவையைக் கையால் திருக வேண்டும். ஓட்டுகிறவன் அரை விமானியாக இருக்க வேண்டும், அந்தப் பையனுக்கு அதைக் கற்றுக்கொடுக்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

ரோட்டில் ஓட்ட முடியாது, அதை அவனிடம் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். கம்பெனி பதிவு செய்த அமைப்பை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது, 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. கல்லூரி மைதானத்துக்குள் ஓட்டிக்கொள்ள அவன் ஆசிரியர் ஒத்துக்கொண்டிருக்கிறார். விரிசல் மேலே ஓடாதபடி அதன் முனையில் ஓட்டை போட்டு நிறுத்தி வெல்டிங் செய்து, 1800 சுற்றுக்கு மேல் விடாமல் ஓட்டினால் தரைக்கு அது தாராளம் என்பது என் கணிப்பு.

இப்போது உன்னிடம் வருகிறேன். விமானத்தில் புரொப்பெல்லரேதான் ஃப்ளைவீல், அதாவது சுற்றைச் சீராக வைக்கிற கனச் சக்கரம். அதைக் கழற்றிவிட்டால் ஐடிலில் எஞ்சின் உதறும், ஸ்டார்ட்டர் பல் சக்கரம் ஒன்று இருக்கிறதே தவிர அது இலேசு. ஆகவே கிராங்க் முனையில் இருக்கிற ஆறு போல்ட் ஃப்ளேஞ்சில் (வட்டத் தட்டில்) உட்காருகிற மாதிரி ஒரு கனமான ஃப்ளைவீல், அதன் முகத்தில் லாரி கிளட்ச். சுற்றும் திசை நல்லவேளையாகப் பொருந்துகிறது, அந்த முனையிலிருந்து பார்த்தால் கார் எஞ்சின் மாதிரியேதான் சுற்றுகிறது. ஆனால் மையம் ஒரு நூல் விலகினாலும் கியர்பாக்ஸ் தண்டு போய்விடும். இங்கே இரண்டு மூன்று பட்டறையில் கேட்டேன், செய்கிறோம் என்றார்கள், எனக்கு மனசு ஒப்பவில்லை. பாலிடெக்னிக்கில் நீ கடைந்து கொடுத்த அந்தப் புஷ்ஷை என் மேஜையில் இன்னும் வைத்திருக்கிறேன், இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் தண்டில் போட்டால் காற்றுப் போகாமல் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. அந்தக் கைதான் இதற்கு வேண்டும்.

ஃப்ளேஞ்ச் அளவுகளைத் தாளில் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன், ஆனால் தாளை நம்பிக் கடைய ஆரம்பிக்காதே, நேரில் வந்து அளந்துகொள். கோவையில் வந்தே பாரத்தில் ஏறினால் மதியம் போலக் கண்டோன்மென்டில் இறங்கிவிடலாம், பையனை வண்டியோடு அனுப்புகிறேன். உன் டயல் கேஜை எடுத்துவா, என்னுடையது முள் சிக்குகிறது. உன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வா, கமலா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

உன்,
வேலு