கிளுவை வேலியைப் பிடுங்குவதற்கு முன்

டார்க்கிங், இங்கிலாந்து,
பிப்ரவரி கடைசி ஞாயிறு, இரவு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்குச் சோம்பல் காரணம் அன்று. நீ கேட்டிருந்ததற்கு உடனே சரி என்று சொல்ல மனம் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லவோ, ஐயாயிரம் மைலுக்கு அப்பால் கணப்படுப்பின் முன் உட்கார்ந்திருப்பவனுக்கு வாய் வரவில்லை. எங்கள் மேய்ச்சல் நிலமான கொரங்காட்டின் வடபுறக் கிளுவை உயிர்வேலியில் சந்து விழுந்துவிட்டது, அதன் வழியே தெருநாய்கள் புகுந்து இரண்டு முறை பட்டி ஆடுகளைக் கடித்துப் போட்டுவிட்டன, வேலி அடைக்க ஆளும் கிடைப்பதில்லை, ஆகவே பொக்லைன் வைத்து மொத்தமாகப் பிடுங்கிவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பிவலை அடித்துவிடலாமா என்று எழுதியிருந்தாய். அந்தக் காட்டை இத்தனை வருடமும் காப்பாற்றி வருபவன் நீ. முடிவும் உன்னுடையதாகவே இருக்கட்டும். ஆனால் மூன்று குளிர்காலமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பதைக் கேட்டுவிட்டு முடிவு செய்.

சொன்னால் சிரிப்பாய். வேலி கட்டிக்கொண்டிருக்கிறேன். அப்பா கொடுவாளை எடுத்தாலே நாளைக்குப் பரீட்சை என்று சொல்லிக்கொண்டு மச்சுக்கு ஏறிவிட்டவன், இப்போது யாருடைய நிலம் என்றுகூடச் சரியாகத் தெரியாத ஒரு மேய்ச்சல் காட்டின் ஓரத்தில், காசு வாங்காமல், கொட்டும் தூறலில் நின்று முள் வெட்டுகிறேன். அப்பா இருந்திருந்தால் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். வெற்றிலையைத் துப்பிவிட்டு ஒரு பார்வை பார்த்திருப்பார்.

ஊரைச் சுற்றியுள்ள காடு, புல்வெளி, வேலிகளைப் பராமரிக்க உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் குழு ஒன்று இங்கே இருக்கிறது. ஓய்வு பெற்ற தபால்காரர், பள்ளி ஆசிரியை, கணக்குப்பிள்ளை உத்தியோகம் பார்க்கும் என்னைப் போன்ற ஒன்றிரண்டு பேர் என்று பன்னிரண்டு பதினைந்து தலை தேறும். இது இந்த நாட்டுக்குப் புதிய பழக்கம் அன்று. 1959-ஆம் ஆண்டு, எங்கள் வீட்டுச் சன்னலிலிருந்து தெரியும் பாக்ஸ் ஹில் என்ற குன்றில்தான் 42 தன்னார்வலர்கள் கூடி, டாக்வுட் என்ற புதரை வெட்டி அகற்றினார்கள்; பிற்காலத்தில் தொலைக்காட்சியால் வீடுதோறும் அறிமுகமான தாவரவியலாளர் டேவிட் பெல்லமியும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். நாடு முழுவதும் இயங்கும் பெரிய தன்னார்வ அமைப்பு ஒன்று அந்த நாளிலிருந்து கிளம்பியதுதான். நல்ல குன்றில் இருக்கும் பச்சையை ஏன் வெட்ட வேண்டும் என்று முதலில் எனக்கும் விளங்கவில்லை. அது சுண்ணாம்புப் பாறையின்மேல் விரலளவு மண் படிந்த நிலம். ஆடு மேய்ந்தவரை புல்லும் அதனிடையே சிறுசிறு பூக்களும், அவற்றை நம்பிய வண்ணத்துப்பூச்சிகளும் இருந்தன. மேய்ச்சல் குறைந்ததும் புதர் ஏறிப் புல்லை மூடிவிட்டது. ஆடு செய்த வேலையை இப்போது மனிதர்கள் செய்கிறார்கள். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலமரமும் கிளுவை வேலியுமாகக் கொரங்காட்டில் வளர்ந்த நமக்கு இதைப் பாடமாக நடத்த வேண்டியதில்லை; இருந்தும் எனக்கு நடத்தித்தான் புரிந்தது.

வேலிக்கு வருகிறேன். இங்குள்ள உயிர்வேலி பெரும்பாலும் ஹாதார்ன், பிளாக்தார்ன் என்ற இரண்டு முள்மரங்களால் ஆனது. பல வேலிகள் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் பொது மேய்ச்சல் நிலங்களைச் சட்டம் போட்டுத் தனியார் பாத்தியமாக்கியபோது நட்டவை. சில அதற்கும் மிக முந்தியவை. வெட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பது உனக்குத் தெரியும்: மேலே மரமாகும், கீழே வெறும் தண்டாகும், ஆட்டுக்குட்டி குனியாமலே நுழைந்துவிடும். நம் வடபுற வேலி இப்போது அந்த நிலையில்தான் இருக்கிறது. அதற்கு இவர்கள் செய்யும் மருத்துவம்தான் நான் உனக்குச் சொல்ல வந்தது.

கையளவு பருமனுள்ள ஒரு தண்டை எடுத்துக்கொள். தரைக்குச் சற்று மேலே கொடுவாளைச் சாய்த்து வைத்து, மேலிருந்து கீழாக நீளமாகச் சீவிக்கொண்டே இறங்க வேண்டும். இவர்களுடைய கொடுவாளும் நம்முடையதைப் போலவே மூக்கு வளைந்தது. முதல் நாள் கருவிப் பெட்டியிலிருந்து அதை எடுத்துக் கையில் கொடுத்தபோது, பழைய உறவினரைக் கப்பலில் பார்த்ததுபோல் இருந்தது. முக்கால் பங்குக்குமேல் வெட்டி, பட்டையும் அதையொட்டிய மெல்லிய மரமும் ஒரு நாக்குப்போல் மிஞ்சும் இடத்தில் நிறுத்திவிட்டு, தண்டை மெதுவாகச் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும். மேட்டுப் பக்கமாகத்தான் சாய்ப்பார்கள். அந்த நாக்கு வழியே சாறு ஏறும். படுத்த தண்டு உயிரோடு இருந்து தளிர்க்கும். அடிக்கட்டையையும் நீர் தங்காதபடி சரிவாகச் செதுக்கிவிட்டால், வசந்தத்தில் அதிலிருந்து நேராகப் புதுக்கொம்புகள் கிளம்பும். இப்படி ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்த தண்டுகளுக்கு நடுவே ஒன்றரை அடிக்கு ஒரு முளைக்குச்சியைக் கொட்டாப்புளியால் அடித்து இறக்கி, மேலே நீண்ட மிலாறுகளைக் கயிறு திரிப்பதுபோல் முறுக்கிப் பின்னி முடிப்பது தென் இங்கிலாந்துப் பாணி. முளைக்கும் மிலாறுக்கும் வேண்டிய ஹேசல் குச்சிகளைப் பக்கத்துக் காட்டில் நாங்களே வெட்டிக்கொள்கிறோம். தரையோடு வெட்டிவிட்டால் கட்டைக்கரும்புபோல் மறுபடி தழைத்து, ஏழெட்டு வருடத்தில் அடுத்த வெட்டுக்குத் தயாராகிவிடும்.

நான் வெட்டிய முதல் தண்டு முறிந்துபோயிற்று. ஆழம் போதவில்லை என்று பயந்து இன்னொரு போடு போட்டேன். நாக்கு அறுந்து, முப்பது வருட மரம் கையோடு வந்துவிட்டது. எழுபதைத் தாண்டிய ஓர் அம்மையார்தான் எங்களுக்கு வாத்தியார். அவர் திட்டவில்லை, முறிந்த தண்டை வாங்கி, வெட்டுவாயில் விரலை ஓட்டிப் பார்த்து, "அவசரப்பட்டது நீங்கள், கொடுவாள் இல்லை" என்றார். அன்று மாலையே ஒரு பிளாக்தார்ன் முள் உள்ளங்கையில் ஏறி உள்ளேயே ஒடிந்து, கை பணியாரம்போல் வீங்கி, இரண்டு வாரம் விசைப்பலகையைத் தொட முடியவில்லை. நம் கிளுவை முள் இந்த அளவுக்கு வன்மம் பாராட்டாது.

பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு நாளில் இருபத்தைந்து மீட்டர் முடித்தால் அது நல்ல நாள். பதினொரு மணிக்குத் தேநீர், கூடவே யாராவது சுட்டுக்கொண்டு வந்த கேக். வெட்டிப்போட்ட சத்தைகளைக் குவித்து எரிக்கும் புகையில் ஈரக் கையுறைகளைக் காய வைத்துக்கொள்வோம். மண் கிளறிய இடத்துக்கு ராபின் என்ற சிவந்த மார்புக் குருவி ஒன்று தவறாமல் வந்து, ஏர் பின்னால் நடக்கும் கொக்கைப்போல் காலடியிலேயே புழு பொறுக்கும்.

போன மாதம் ஒரு ஞாயிறு வெட்டவே விடவில்லை. கையில் ஆளுக்கொரு உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொடுத்து வேலியோரமாக நடக்கச் சொன்னார்கள். பிரவுன் ஹேர்ஸ்ட்ரீக் என்ற வண்ணத்துப்பூச்சி பிளாக்தார்னின் இளங்கொம்பில், கவை பிரியும் இடத்தில் முட்டையிடுமாம். குண்டூசித் தலை அளவுதான் இருக்கும். வெள்ளை வெளேரென்று, கண்ணாடியில் பார்த்தால் மேலெல்லாம் புள்ளி குத்திய கடல் முள்ளெலிபோல் தெரியும். பூச்சி பறப்பதைப் பார்ப்பது அரிது என்பதால் குளிர்காலத்தில் முட்டையை எண்ணித்தான் அது இருக்கிறதா இல்லையா என்று கணக்கு வைக்கிறார்கள். இரண்டு மணி நேரத்தில் நான் கண்டுபிடித்தது மூன்று. வருடந்தோறும் இயந்திரத்தை ஓட்டி வேலி முழுவதையும் மட்டமாகச் சிரைத்துவிட்டால் இளங்கொம்போடு அந்த முட்டைகளும் போய்விடும். வெட்டாவிட்டால் இளங்கொம்பே வராது. எனவே இவர்கள் இந்த வருடம் ஒரு பகுதி, அடுத்த வருடம் ஒரு பகுதி என்று முறை வைத்து வெட்டுகிறார்கள். அப்பாவும் ஒரு வருடம் வடபுறம், மறு வருடம் மேல்புறம் என்று மாற்றி மாற்றித்தான் வெட்டுவார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் நினைவுக்கு வந்தது. ஆள் பற்றாக்குறையால் அப்படிச் செய்கிறார் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன். ஒருவேளை அதுவும்தான் காரணமோ என்னவோ.

இவர்களை ரொம்பவும் புகழ்கிறேன் என்று நினைக்காதே. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு உணவு உற்பத்தியைப் பெருக்கவும் பெரிய இயந்திரங்கள் திரும்ப இடம் விடவும் வேலிகளைப் பிடுங்குவதற்கு மானியம் கொடுத்தது இதே நாட்டு அரசுதான். இருந்ததில் ஏறக்குறைய பாதி அப்படியே போய்விட்டது. பிறகு விழித்துக்கொண்டு 1997-இல் விதி போட்டார்கள்: இருபது மீட்டருக்குக் குறையாத கிராமப்புற உயிர்வேலியைப் பிடுங்க வேண்டுமானால் சொந்த நிலமே ஆனாலும் உள்ளூர் ஆட்சிமன்றத்துக்கு முன்கூட்டியே எழுதித் தெரிவிக்க வேண்டும், அவர்கள் 42 நாளுக்குள் முடிவு சொல்வார்கள். பறவைகள் கூடு கட்டும் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை விவசாய நிலத்து வேலியைப் பொதுவாகக் கத்தரிக்கக்கூடாது என்பதையும் 2024-இல் இங்கிலாந்துக்குச் சட்டமாக்கிவிட்டார்கள். ஒரு காலத்தில் பிடுங்கக் காசு கொடுத்தவர்கள் இப்போது நடுவதற்கும் படுக்க வைத்துக் கட்டுவதற்கும் காசு கொடுக்கிறார்கள். நம் ஊரில் அதற்கு யாரும் மானியமும் தரவில்லை, தடையும் போடவில்லை. பொக்லைன்காரனின் மணிக் கூலிதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது.

மார்ச்சுக்குப் பிறகு எங்களுக்கு வேறு வேலை. ஜூன், ஜூலையில் ஓடைக்குள் இறங்கி இமாலயக் காசித்தும்பையைப் பிடுங்குவோம். ஆம், நம் வாசலில் பூக்கும் காசித்தும்பையின் பெரியப்பா முறைதான். 1839-இல் தோட்ட அழகுக்காகக் கொண்டுவந்த செடி, ஆளுயரம் வளர்ந்து, ஓடைக்கரை முழுவதையும் தனதாக்கிக்கொண்டு நிற்கிறது. காய் முற்றிவிட்டால் தொட்டதும் வெடித்து ஏழு மீட்டர் தூரம்வரை விதை தெறிக்கும். அதனால் காய்ப்பதற்கு முன்பே பிடுங்கியாக வேண்டும். தப்பி முற்றிய ஒரு காயை நான் இரு விரலால் நசுக்கி வெடிக்க வைத்ததைப் பார்த்துக் குழுத் தலைவர் பதறிவிட்டார். பள்ளிக்கூடத்து வேலியோரம் நாம் இதற்காகவே மணிக்கணக்கில் நின்றதை அவரிடம் எப்படிச் சொல்வது?

ஒன்றை மறைக்கக் கூடாது. இங்கே வேலி கட்டுவது எங்களுக்குப் பொழுதுபோக்கு. மழை வலுத்தால் காரில் ஏறி வீட்டுக்குப் போய்விடுவோம். உனக்கு அது பிழைப்பு. நாய் கடித்த ஆட்டுக்கு யாரும் பதில் சொல்லப் போவதில்லை. ஆகவே கிளுவையின் பெருமையைச் சொல்லி உன் ஆடுகளை நாய்க்குக் கொடு என்று நான் எழுதவில்லை. இங்கேயும் புதிதாகக் கட்டிய வேலியை ஆடுமாடு கடித்துவிடாமல் இருக்கச் சில வருடத்துக்குக் கம்பி அடித்துத்தான் காப்பாற்றுகிறார்கள். அதுபோல் நீயும் கம்பிவலையைக் கிளுவைக்கு உள்பக்கமாக ஓரடி தள்ளி அடி. நாய்க்கு அது காவல், கிளுவைக்கும் ஆட்டு வாயிலிருந்து அது காவல். கல்லுக்கால், வலை, கூலி எல்லாம் என் கணக்கு. மொத்தத் தொகையை எழுது. சந்து விழுந்த இடங்களில் மட்டும் தென்புற வேலியிலிருந்து போத்து வெட்டி மழைக்கு ஊன்றிவிடலாம். கிளுவை போத்தில் பிடிக்கும் என்பதை நான் உனக்குச் சொல்லக் கூடாது. பொக்லைன் மட்டும் வேண்டாம். அந்த வேலியடியில் கவுதாரி குஞ்சு பொரித்ததை நாம் இருவரும் குப்புறப் படுத்துப் பார்த்திருக்கிறோம்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு மாத விடுப்பில் வருகிறேன். கிணற்று மேட்டுப் பக்கம் ஒரு பத்தடியை மட்டும் தொடாமல் வை. கிளுவைத் தண்டு சீவிச் சாய்த்தால் படுக்குமா, முறியுமா என்று பார்த்துவிடுவோம். முறிந்தால் நீ சிரித்துக்கொள். சாளையில் எரவாணத்தில் அப்பாவின் கொடுவாள் சொருகியிருக்கும். பிடி உளுத்திருந்தால் ஆசாரியிடம் கொடுத்துப் புதுப்பிடி போட்டு வை. சாணை நான் வந்து பிடித்துக்கொள்கிறேன்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. ஆத்தாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று மறக்காமல் எழுது.

உன் அன்பு நண்பன்