ஜனநாயகக் கட்சித் தேசியக் குழுவுக்கு: 2032-க்கான விதியை இப்போதே எழுதுங்கள்

ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். உங்களில் தமிழ் படிப்பவர்கள் எத்தனை பேரோ தெரியாது. இருந்தாலும் தமிழில்தான் எழுதுகிறேன். நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் வந்து பாருங்கள். உங்கள் கட்சிக்கு வாக்களித்துவிட்டு, வீட்டுக்கு வந்து உங்களைத் தமிழில் திட்டுகிறவர்கள் நாங்கள் நிறையப் பேர் இருக்கிறோம். அவர்களில் ஒருவன் எழுதும் கடிதம் இது.

பதவியில் இருக்கும் அதிபர் மறுபடி நிற்க விரும்பும்போது, அவருடைய கட்சியிலேயே ஒருவர் எதிர்த்து நிற்கலாமா? நிற்கலாம். நின்றால் அவருக்கு நீங்கள் மேடையும் போட்டுக் கொடுக்க வேண்டும் என்பது என் வாதம். 2024-ல் நீங்கள் செய்தது அதற்கு நேர் எதிர்.

அந்த வருடம் ஜூன் 4 அன்று எங்கள் மாநிலத்தில் பிரைமரி, அதாவது கட்சியின் வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் தேர்தல். எங்கள் வாக்குச்சாவடி ஓர் ஆரம்பப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மேசை போட்டு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கையெழுத்து வாங்க வேண்டிய அம்மாள் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார், ஆள் வந்த சந்தோஷத்தில். செனட்டர் பதவிக்காவது போட்டி இருந்தது. அதிபர் வேட்பாளர் ஆகத் தேவையான, கட்சி மாநாட்டில் வாக்களிக்கும் பிரதிநிதிகளை பைடன் மார்ச் 12-லேயே சேர்த்துவிட்டிருந்தார். சட்டையில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். "யாருக்கும் யாருக்கும்பா போட்டி?" என்று கேட்டாள் மகள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஜூன் 27, டிரம்புடன் அட்லாண்டா விவாதம். இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கியது. ஒன்பதரைக்குள் எங்கள் வாட்ஸ்அப் குழு கொதித்துப் போயிருந்தது. "தாத்தாவை வீட்டுக்கு அனுப்புங்கப்பா" என்று ஒருவர் போட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பைடனின் பேச்சு பாதி வாக்கியத்தில் அறுந்து நின்றபோது, என் அப்பாவின் கடைசி வருடங்கள்தான் கண்முன் வந்தன.

அது அன்றைக்குத்தான் தெரிந்த சங்கதியா? 2023 ஆகஸ்டில் ஏபி செய்தி நிறுவனமும் நார்க் ஆய்வு மையமும் எடுத்த கருத்துக்கணிப்பில், இன்னொரு நான்கு ஆண்டு ஒழுங்காக வேலை பார்க்க பைடனுக்கு வயது அதிகம் என்று நூற்றுக்கு 77 பேர் சொல்லியிருந்தார்கள். நம் கட்சிக்காரர்களில் மட்டும் 69 பேர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தோம். தட்டு போதவில்லை.

விவாதத்துக்குப் பிறகு, ஜூலை 8 அன்று, பைடன் நம் கட்சியின் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) உறுப்பினர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். பிரைமரியில் தனக்கு ஒரு கோடியே நாற்பது லட்சத்துக்கும் மேல் வாக்குகள் விழுந்தன, அது 87 சதவீதம், யார் வேண்டுமானாலும் போட்டியிட வழி இருந்தது என்பது அதன் சாரம். வாக்குக் கணக்கில் தவறு இல்லை. வழி இருந்தது என்பதில்தான் எனக்கு வழக்கு.

ஃப்ளோரிடாவில் உங்கள் மாநிலக் கிளை பைடன் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தது. ஒரே பெயர் என்றால் அங்கே தேர்தலே வேண்டாம் என்பது மாநிலச் சட்டம். அதனால் பிரைமரி நடக்கவே இல்லை. வட கரோலினாவிலும் ஒரே பெயர், கீழே 'யாருக்கும் இல்லை' என்ற ஒரு கட்டம். தேசிய அளவில் ஒரு விவாதம்கூட நீங்கள் நடத்தவில்லை.

நியூ ஹாம்ப்ஷயர் கதை இன்னும் விசேஷம். முதல் பிரைமரியை தென் கரோலினாவுக்கு மாற்றினீர்கள். அதற்கு நியாயம் இருக்கிறது. கறுப்பின வாக்காளர்கள் அதிகம் உள்ள மாநிலத்துக்கு முதலிடம் கிடைப்பது நல்லதுதான். 2020-ல் நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவதாக வந்தவர் பைடன், அவரைத் தூக்கி நிறுத்தியது தென் கரோலினா என்பதும் எல்லோருக்கும் தெரியும். சரி, அதையும் விடுவோம். நியூ ஹாம்ப்ஷயர் கேட்காமல் தன் வழக்கப்படி முதலில் தேர்தல் வைத்தபோது, அதை 'அர்த்தமற்ற' தேர்தல் என்று உங்கள் குழு கடிதத்தில் எழுதியது. மக்கள் வாக்களிக்கும் தேர்தலை அப்படிச் சொல்வதை நிறுத்துங்கள் என்று அந்த மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் உங்களுக்கு நோட்டீஸ் அனுப்பினார். ஜனநாயகம் என்று பெயரிலேயே வைத்திருக்கும் கட்சிக்கு இப்படி ஒரு நோட்டீஸ்.

அங்கே பைடனை எதிர்த்து நின்றவர் மின்னசோட்டாவின் காங்கிரஸ் உறுப்பினர் டீன் ஃபிலிப்ஸ். டாலென்டி ஐஸ்கிரீம் வியாபாரத்தில் இருந்தவர். பைடன் நல்ல அதிபர், ஆனால் ஜெயிக்க மாட்டார் என்றார். ஆளுநர்களில் யாராவது வாருங்கள் என்று முதலில் பகிரங்கமாகக் கூப்பிட்டார். யாரும் வரவில்லை என்றபோது, 2023 அக்டோபர் கடைசியில் தானே இறங்கினார். பைடன் பெயர் வாக்குச்சீட்டில் இல்லாமலேயே, மக்கள் கையால் எழுதிப் போட்டு அவரை ஜெயிக்க வைத்தார்கள். ஃபிலிப்ஸுக்குச் சுமார் 20 சதவீதம். மார்ச்சில் விலகினார். ஆளில் பெரிய கவர்ச்சி கிடையாது, எனக்கும் அவரைப் பிடித்ததில்லை. அவர் சொன்ன விஷயம் சரி. அதைக் கேட்க நாற்காலி போட்டு ஒரு மேடை இருந்திருந்தால், ஜூன் 27-ல் பார்த்ததை ஜனவரியிலேயே பார்த்திருப்போம். ஜனவரியில் பார்த்திருந்தால் மாற்று வேட்பாளரைத் தேட ஆறு மாதம் இருந்திருக்கும்.

போகிற போக்கில் ஒன்று. மார்ச் 5 அன்று பசிபிக் கடலிலுள்ள அமெரிக்கன் சமோவாவில் ஜேசன் பாமர் என்ற, பலரும் அதுவரை கேள்விப்பட்டிராத தொழிலதிபர் 51-க்கு 40 என்ற கணக்கில் அதிபரையே தோற்கடித்தார். அதுவரை அந்தத் தீவில் கால் வைக்காதவர், கணினித் திரை வழியாகப் பிரசாரம் செய்தவர். மொத்தம் 91 வாக்குகள், சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் 2012-ல் மேற்கு வர்ஜீனியாவில் நடந்ததைச் சிரித்துத் தள்ள முடியாது. டெக்சாஸ் சிறையில் இருந்த ஒரு கைதி அங்கே பெயர் கொடுத்து, ஒபாமாவுக்கு எதிராக 41 சதவீதம் வாங்கினார். அந்த மாநிலம் நம் கையைவிட்டு எவ்வளவு தூரம் போய்விட்டது என்பதை அந்த ஒரு முடிவு சொன்னது. சொன்னதைக் காதில் போட்டுக்கொண்டோமா என்பது வேறு கதை.

ஜூலை 21-ல் பைடன் விலகினார். பந்தல் போட்டு, பத்திரிகை அடித்து, ஊருக்கெல்லாம் கொடுத்த பிறகு மாப்பிள்ளையை மாற்றிய கதை. கமலா ஹாரிஸுக்கு 107 நாள். அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தின் கோயிலில் அவருக்காக அர்ச்சனை நடந்த செய்தியை மன்னார்குடிப் பக்கத்து உறவினர்கள் எனக்கு அனுப்பினார்கள், பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் 2020 தேர்தலில், முதல் வாக்கு விழுவதற்கு முன்பே, 2019 டிசம்பரிலேயே விலகியவர் அவர். 2024-ல் அவரைப் பிரைமரியில் நிறுத்திப் பார்க்க வாய்ப்பே இல்லை. அவர் தேர்ந்திருப்பாரா, தோற்றிருப்பாரா? இப்போது யாராலும் சொல்ல முடியாது. நவம்பரில் தேர்வாளர் வாக்குகளில் 226-க்கு 312 என்று தோற்றபோது, கட்சி திணித்த வேட்பாளர் என்ற பழியையும் சேர்த்துச் சுமந்தார். அந்தப் பழி அவருக்கு உரியதல்ல.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். உள்ளே சண்டை வந்தால் வெளியே தோல்வி என்பீர்கள். 1968, 1976, 1980, 1992 என்று விரல்விட்டு எண்ணுவீர்கள். நான்கு தடவையும் அதிபரின் கட்சி வெள்ளை மாளிகையை இழந்தது உண்மைதான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1968-ல் அதிபர் ஜான்சனை நம் கட்சியிலேயே எதிர்த்த யூஜின் மெக்கார்த்திக்காக, கல்லூரிப் பிள்ளைகள் தாடியை மழித்து, முடியைக் கத்தரித்துக்கொண்டு நியூ ஹாம்ப்ஷயர் பனியில் வீடு வீடாகப் போனார்கள். ஹிப்பி என்று கதவைச் சாத்திவிடுவார்களே என்ற பயம். மெக்கார்த்தி ஜெயிக்கவில்லை, ஜான்சனுக்கு 49 சொச்சம், அவருக்கு 42 சதவீதம். மார்ச் 31-ல் ஜான்சன் விலகிக்கொண்டார். அதன்பிறகு ராபர்ட் கென்னடியைச் சுட்டுக் கொன்றார்கள். ஒரு பிரைமரியில்கூட நிற்காத துணை அதிபர் ஹம்ஃப்ரி சிகாகோ மாநாட்டில் வேட்பாளர் ஆனார், வெளியே போலீஸ் தடியடி. கட்சியைக் கிழித்தது வியட்நாம். அதை நாட்டுக்குச் சொன்னவர் மெக்கார்த்தி. இப்போதுள்ள பிரைமரி முறையே அந்த அவமானத்திலிருந்து வந்ததுதான் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1976-ல் அதிபர் ஃபோர்டை அவருடைய குடியரசுக் கட்சியிலேயே ரீகன் கான்சாஸ் சிட்டி மாநாடு வரை இழுத்தார், பிரதிநிதிகள் கணக்கில் 1187-க்கு 1070. ஃபோர்டு யார்? துணை அதிபர் பதவிக்குக்கூட மக்கள் வாக்களிக்காதவர், நிக்சனுக்கு மன்னிப்பு கொடுத்தவர். அப்படியும் கார்ட்டரிடம் நூலிழையில்தான் தோற்றார்.

1980-தான் உங்கள் பக்கத்தில் கனமான சாட்சி. அதிபர் கார்ட்டரை எதிர்த்து எட்வர்ட் கென்னடி விடாமல் மாநாடு வரை போனார். கட்சிக்குள் விழுந்த கசப்பு நவம்பர் வரை ஆறவில்லை. ஒப்புக்கொள்கிறேன், அது கார்ட்டருக்கு அடிதான். ஆனால் அதே போட்டி கென்னடியையும் சலித்துப் போட்டது என்பதைக் கவனியுங்கள். நீங்கள் ஏன் அதிபராக விரும்புகிறீர்கள் என்று செய்தியாளர் ரோஜர் மட் தொலைக்காட்சியில் கேட்டார். அவ்வளவு பெரிய குடும்பத்துப் பிள்ளை, அந்த எளிய கேள்விக்குத் தடுமாறினார். அது ஒளிபரப்பானது 1979 நவம்பர் 4, டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் பிடிபட்ட அதே நாள். அதுவரை கருத்துக்கணிப்பில் கார்ட்டரை எங்கோ பின்னால் தள்ளியிருந்த கென்னடி, அதன்பிறகு சரிந்தார். எதிர்த்து வருகிறவருக்கும் இது பரீட்சைதான். விலைவாசியும் பணயக்கைதிகளும் இல்லாமல், கென்னடியால் மட்டும் கார்ட்டர் 44 மாநிலங்களை இழந்தார் என்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயாராக இல்லை.

1992-ல் அதிபர் புஷ்ஷை (அப்பா புஷ்) அவர் கட்சியிலேயே எதிர்த்த புக்கானன், நியூ ஹாம்ப்ஷயரில் 37 சதவீதம் வாங்கினார். புது வரி போடமாட்டேன் என்று சொன்ன வாயாலேயே புஷ் வரி போட்டதன் விலை அது. புக்கானன் வராவிட்டால் மக்கள் அதை மறந்திருப்பார்களா என்ன?

காய்ச்சல் வந்தவர் வாயில்தான் தெர்மாமீட்டர் வைக்கிறோம். தெர்மாமீட்டர் வைத்ததால்தான் காய்ச்சல் வந்தது என்று நீங்கள் சொல்கிறீர்கள். 1972-ல் நிக்சனை எதிர்த்து அவர் கட்சியிலேயே மெக்லோஸ்கி நின்று நியூ ஹாம்ப்ஷயரில் இருபது சதவீதம் போல வாங்கினார். நிக்சனுக்கு ஒன்றும் ஆகவில்லை, 49 மாநிலங்களில் ஜெயித்தார். 2020-ல் டிரம்புக்குச் சிரமம் வேண்டாம் என்று குடியரசுக் கட்சி சில மாநிலங்களில் பிரைமரியையே ரத்து செய்தது. அவர் தோற்றார். (அவர்களுக்கு நான் தனியாகக் கடிதம் எழுதப்போவதில்லை; இதையே படித்துக்கொள்ளட்டும்.)

எங்கள் நியூ ஜெர்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே வருடக்கணக்காகக் கட்சியின் ஆதரவு பெற்றவர்களை ஒரே வரிசையில் அடுக்கி, மற்றவர்களை வாக்குச்சீட்டின் ஏதோ மூலையில் தள்ளும் வழக்கம் இருந்தது. 2024-ல் செனட்டர் பதவிக்குப் போட்டியிட்ட ஆண்டி கிம் நீதிமன்றம் போனார். மார்ச் கடைசியில் நம் கட்சியின் பிரைமரிக்கு அந்த வரிசையை நீதிபதி நிறுத்திவைத்தார். வானம் இடிந்து விழவில்லை. அதே நவம்பரில் கிம் செனட்டர் ஆனார்.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன். 2028-ல் நம் கட்சி ஜெயித்தால், அந்த அதிபர் 2032-ல் மறுபடி நிற்பார். அவர் யார் என்று இன்றைக்கு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. விதி எழுத இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. யாருக்குச் சாதகம் என்று கணக்குப் போட இப்போது முகமே இல்லை. அதிபர் நின்றாலும், போதுமான கையெழுத்து வாங்கிய எதிர்ப் போட்டியாளர் இருந்தால் குறைந்தது இரண்டு விவாதம், முதல் வாக்குப்பதிவுக்கு முன்பே. எந்த மாநிலக் கிளையும் ஒற்றைப் பெயரை எழுதிக் கொடுத்துத் தேர்தலை இல்லாமல் செய்யக்கூடாது. செய்தால் அதன் பிரதிநிதிகள் மாநாட்டில் உட்காரக்கூடாது. எந்த மாநிலத்தில் முதலில் பிரைமரி என்ற வரிசையைத் தீர்மானிப்பதில் வெள்ளை மாளிகைக்குக் கை இருக்கக்கூடாது. உங்கள் தலைவர் வேட்பாளர்களுக்கிடையே நடுநிலையாக இருக்க வேண்டும் என்று உங்கள் சாசனத்திலேயே எழுதியிருக்கிறது. அதிபர் ஒரு வேட்பாளர் என்றால் மட்டும் அந்த வரி பொருந்தாது என்று அதில் எங்கும் இல்லை.

2032-ல் என் மகளுக்கும் வாக்கு இருக்கும். அந்த உடற்பயிற்சிக் கூடத்துக்கு இருவரும் சேர்ந்தே போவோம். யாருக்கும் யாருக்கும் போட்டி என்று அவள் மறுபடி கேட்டால், இரண்டு பெயராவது சொல்ல ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
எடிசனிலிருந்து ஒரு கட்சி வாக்காளர்